ஆல்பைனா, ஸ்லிம்மா, டிஸ்ட்ரோலெஸ்ஸா? இமேஜை இளைக்க வைக்கும் முன்

"அண்ணா, எங்க இமேஜ் ஒண்ணேகால் ஜிபி இருக்கு. செக்யூரிட்டி டீம்ல இருந்து மெயில் மேல மெயில். பேசாம ஆல்பைனுக்கு மாத்திடவா?"

எச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு டீக்கடை வாசலில் நின்றபடி கேட்டார் அந்தத் திருச்சிப் பெண். முன்பு என்னோடு ஒரே டீமில் இருந்தவர், இப்போது வேறு கம்பெனி. அதே மாதத்தில் இதே கேள்வியை இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவர் டிஸ்ட்ரோலெஸ்தான் தீர்வு என்று முடிவே கட்டிவிட்டு, என்னிடம் ஆமாம் என்ற ஒரு வார்த்தைக்காக மட்டும் வந்திருந்தார். இமேஜ் என்றால் இங்கே கண்டெய்னர் இமேஜ்: ஒரு சர்வீஸ் ஓடத் தேவையானதையெல்லாம் சேர்த்துக் கட்டிய பொட்டலம். அதன் அடியில் பேஸாக எதை வைப்பது, ஆல்பைன் லினக்ஸா, டெபியன் லினக்ஸின் இளைத்த பதிப்பான ஸ்லிம்மா, டிஸ்ட்ரோலெஸ்ஸா என்பதுதான் கேள்வி. மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அவரிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த சர்வீஸ் விழுந்தா யாரும்மா எழுந்து பார்ப்பாங்க?"

"நான்தான்."

"சரி, அப்போ அங்கிருந்து ஆரம்பிப்போம்."

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் எம்பி கணக்கில் தொடங்குகிறார்கள். கட்டளை அடித்தவுடன் கண்ணில் படும் எண் அது, அவ்வளவுதான் காரணம். என் பட்டியலில் அது கடைசி. நான் பார்க்கும் வரிசை இது:

முதலில், உங்கள் மென்பொருள் எந்த சி நூலகத்தை (லிப்சி, நிரலுக்கும் கர்னலுக்கும் நடுவில் நிற்கும் அடிப்படை நூலகம்) நம்பிக் கட்டப்பட்டது? டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் எல்லாம் ஜிலிப்சி. ஆல்பைன் மட்டும் மஸல். இது பொருந்தாவிட்டால் மற்ற எந்த லாபமும் கைக்கு வராது.

இரண்டாவது, கோளாறு வந்தால் உள்ளே போய்ப் பார்க்க முடியுமா, அதற்கான வழியை முன்பே திறந்து வைத்திருக்கிறீர்களா?

மூன்றாவது, பாதுகாப்பு ஓட்டைக்குத் திருத்தம் வந்தால் அது உங்கள் இமேஜுக்குள் எப்படி வந்து சேரும், யார் கொண்டுவருவார்கள்?

நான்காவது, பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் நிஜமாகவே ஒன்றுமில்லையா, அல்லது அதற்குத் தெரியவில்லையா?

அதற்கப்புறம் அளவு. அதை ஏன் கடைசியில் வைக்கிறேன் என்றால், இமேஜ் என்பது லேயர் லேயராக அடுக்கியது. ஒரு நோடில் (கிளஸ்டரில் உள்ள ஒரு மெஷினில்) நாற்பது சர்வீஸ் ஓடினாலும், நாற்பதும் ஒரே டெபியன் ஸ்லிம் பேஸில் நின்றால் அந்த 75 எம்பி ஒருமுறைதான் இறங்கும், ஒருமுறைதான் இடம் பிடிக்கும். டீமுக்கு ஒரு பேஸ் என்று ஆளாளுக்குச் சின்னதாகத் தேர்ந்தெடுத்தால் மொத்தம் கூடத்தான் செய்யும்.

அளவு முக்கியமாகும் இடங்களும் உண்டு. திடீர்க் கூட்டத்துக்குப் புது நோடுகள் எழுந்து, ஒன்றுமில்லாத வட்டில் இமேஜை இறக்கும்போது நொடிகள் கணக்காகும். கிளவுடின் மும்பை ரீஜனில் தனியார் சப்நெட்டில் கிளஸ்டரை வைத்து, ஒவ்வொரு இறக்கத்தையும் நேட் கேட்வே (இணையத்துக்குப் போகும் வாசல்) வழியாக விட்டால் ஜிபிக்கு இவ்வளவு என்று பில் வரும். (அதற்கு எண்ட்பாயிண்ட், அதாவது இமேஜ் களஞ்சியத்துக்கு நேரான உள்வழி, போடுவது இமேஜை இளைக்க வைப்பதைவிடச் சுலபம் என்பது வேறு விஷயம்.)

இன்னொன்று, கொழுப்பு பெரும்பாலும் பேஸில் இருப்பதில்லை. திருச்சிக்காரரின் டாக்கர்ஃபைலை (இமேஜ் கட்டும் படிகள் எழுதிய கோப்பை) அங்கேயே போனில் திறந்து பார்த்தோம். முதல் வரியில் முழு பைதான் இமேஜ். விரித்தால் அதுவே ஏறக்குறைய 1 ஜிபி. உள்ளே ஜிசிசி கம்பைலர், ஹெடர் கோப்புகள், கிட், என்னென்னவோ. அதே பைதானின் ஸ்லிம் பதிப்பு சுமார் 130 எம்பி, ஆல்பைன் பதிப்பு சுமார் 50. அதாவது முதல் வரியில் "ஸ்லிம்" என்று ஒரு சொல் சேர்த்தால் 850 எம்பிக்கு மேல் போய்விடுகிறது. அதற்கு மேல் ஆல்பைனுக்குப் போய்ச் சம்பாதிப்பது 80 எம்பி. அந்த 80க்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

| | டெபியன் ஸ்லிம் | ஆல்பைன் | டிஸ்ட்ரோலெஸ் | ஸ்க்ராட்ச் |
|---|---|---|---|---|
| விரித்த அளவு (சுமார்) | 75 எம்பி | 8 எம்பி | ஸ்டாடிக் 2 எம்பி, பேஸ் 20 எம்பி | பூஜ்ஜியம் |
| சி நூலகம் | ஜிலிப்சி | மஸல் | பேஸில் ஜிலிப்சி, ஸ்டாடிக்கில் இல்லை | இல்லை |
| ஷெல் | பேஷ் | பிஸிபாக்ஸ் | இல்லை | இல்லை |
| பேக்கேஜ் மேனேஜர் | ஏபிடி | ஏபிகே | இல்லை | இல்லை |
| சிஏ சான்றிதழ்கள் (எச்டிடிபிஎஸ்ஸில் எதிர்முனையைச் சரிபார்க்க) | நாமே சேர்க்க வேண்டும் | உண்டு | உண்டு | நாமே சேர்க்க வேண்டும் |
| எனக்குப் பிடித்த வேலை | பைதான், நோட்.ஜேஎஸ், பொதுவாக எல்லாம் | சின்னக் கருவிகள், சிஐ (தானியங்கி பில்ட், சோதனை) படிகள் | கோ மொழி, ஜாவா | மிகச் சில |

## டெபியன் ஸ்லிம்

இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அதுவே இதன் பெருமை. ஜிலிப்சி இருப்பதால் பைதான் வீல்கள் (முன்பே கட்டி வைத்த பேக்கேஜ்கள்), நோட்.ஜேஎஸ்ஸின் நேட்டிவ் மாட்யூல்கள், ஏதோ விற்பனையாளர் கொடுத்த பழைய பைனரி எல்லாம் கேள்வி கேட்காமல் ஓடும். உள்ளே போய்ப் பார்க்க ஷெல் இருக்கிறது. இல்லாத கருவியை ஏபிடி வழியாகப் போட்டுக்கொள்ளலாம்.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய குறும்புகள் மூன்று. சிஏ சான்றிதழ்கள் இதில் கிடையாது, அந்தப் பேக்கேஜை நாமே சேர்க்க வேண்டும். இளைக்க வைப்பதற்காக மேன் பக்கங்களின் அடைவுகளையே நீக்கியிருப்பார்கள். சில பேக்கேஜ்கள், குறிப்பாக ஜாவா, நிறுவும்போது அந்த அடைவைத் தேடிப் போய் முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. மூன்றாவதுதான் மோசமானது. டாக்கர்ஃபைலில் "அப்டேட், அப்கிரேட்" என்று ஒரு வரி எழுதி, திருத்தங்கள் தானாக வரும் என்று நம்புகிறோம். அந்த வரி மாறாதவரை பில்ட் பழைய லேயரைக் கேஷிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் தினமும் பில்ட் ஆகியும் ஆறு மாதப் பழைய ஓபன்எஸ்எஸ்எல் உள்ளே உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறையாவது கேஷ் இல்லாமல், பேஸைப் புதிதாக இழுத்துப் பில்ட் செய்யுங்கள்.

மறைமுகச் செலவு ஸ்கேன் அறிக்கையில் வரும். டெபியன் பாதுகாப்புக் குழு சில சிவிஇக்களை (எண் கொடுத்துப் பதிவான பாதுகாப்பு ஓட்டைகளை) சின்ன விஷயம் என்று ஒதுக்கி, நிலையான பதிப்பில் திருத்தாமல் விடும். ஸ்கேனருக்கு அது புரியாது, பட்டியலில் போட்டுக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் எழுதுவது ஒரு வேலையாகவே ஆகிவிடும். அந்த வேலையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

## ஆல்பைன்

எல்லோருடைய முதல் காதல் இது. 8 எம்பிக்குள் ஷெல், பேக்கேஜ் மேனேஜர், சான்றிதழ்கள் எல்லாம். பிஸிபாக்ஸ் ஒரே பைனரியில் நூற்றுக்கணக்கான கட்டளைகளை அடக்கி வைத்திருக்கிறது. பார்க்க அழகான பொறியியல். சிக்கல் எல்லாம் மஸலில்.

மஸலில் கோளாறு என்று சொல்லவில்லை. அது தரத்தை ஒட்டிச் சுருக்கமாக எழுதப்பட்ட நல்ல நூலகம். ஆனால் உலகத்து மென்பொருளில் பெரும்பாலானவை ஜிலிப்சியின் பழக்கவழக்கத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. மாமியார் வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பா வேறு இடத்தில் இருக்கிற மாதிரி. தப்பு யார் மேலும் இல்லை, குழம்புதான் கெட்டுப்போகும்.

முதலில் எல்லோரும் சந்திப்பது இந்தக் காட்சி. உபுண்டு லேப்டாப்பில் கட்டிய பைனரியை ஆல்பைனுக்குள் வைத்து ஓட்டினால் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று வரும். பட்டியல் போட்டுப் பார்த்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கும். அனுமதி சரி, பாதை சரி. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். காணாமல் போனது உங்கள் கோப்பு இல்லை, அந்தக் கோப்பைத் தூக்கி ஓட்ட வேண்டிய ஜிலிப்சி லோடர். கர்னல் சொல்லும் பிழை யாருடையது என்று சொல்வதில்லை.

அது பரவாயில்லை, உடனே விழுந்துவிடுகிறது. ஓடிக்கொண்டே இருந்து எப்போதாவது விழுவதுதான் கொல்லும். 2022 வாக்கில் நான் இருந்த ஒரு கம்பெனியில் ஒரு சர்வீஸ், உள் பெயர் ஒன்றை டிஎன்எஸ்ஸில் தேடும்போது அவ்வப்போது "ஹோஸ்ட் இல்லை" என்று சொல்லும். லேப்டாப்பில் ஒருமுறைகூட வரவில்லை. மூன்று நாள் நெட்வொர்க் டீமோடு சண்டை. கடைசியில் மாரத்தஹள்ளி பாலத்துக்குக் கீழே டிராஃபிக்கில் நின்றபோது உறைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த முகவரிகள் பெருகி, பதில் 512 பைட்டைத் தாண்டும் நேரத்தில் மட்டும் விழுகிறது. யுடிபி பதில் துண்டிக்கப்பட்டால் டிசிபியில் மறுபடி கேட்க வேண்டும். ஜிலிப்சி கேட்கும், அன்றைய மஸல் கேட்காது. எங்கள் டிஎன்எஸ் சர்வரோ, துண்டித்த பதிலில் முகவரி எதையும் வைக்காமல் அனுப்பியது. நெட்வொர்க் டீமுக்கு நான் இன்னும் ஒரு டீ பாக்கி.

2023 மே மாதம் வந்த மஸல் 1.2.4 இதைச் சரிசெய்துவிட்டது, ஆல்பைன் 3.18 முதல் அது உண்டு. ஆகவே இன்றைக்குப் புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தக் கண்ணி இல்லை. பழைய இமேஜைப் பதிப்பு எண்ணால் ஆணியடித்து வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இருக்கிறது. தீராத வித்தியாசம் ஒன்றும் உண்டு. பல பெயர் சர்வர்கள் கொடுத்தால் ஜிலிப்சி வரிசையாகக் கேட்கும், மஸல் எல்லாரிடமும் ஒரே நேரத்தில் கேட்டு முதலில் வந்த பதிலை எடுத்துக்கொள்ளும். ஆபீஸ் உள் பெயர்களுக்கு ஒரு சர்வர், வெளிக்கு ஒரு சர்வர் என்று வைத்திருப்பவர்களுக்கு இது விளையாட்டுக் காட்டும்.

த்ரெட்டுக்கு ஸ்டாக் அளவும் வேறு. லினக்ஸில் ஜிலிப்சி பொதுவாக 8 எம்பி கொடுக்கும், மஸல் கொடுப்பது 128 கேபி. ஆழமாகத் தன்னைத்தானே அழைக்கும் பார்சர் ஏதாவது த்ரெட்டுக்குள் ஓடினால், பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் செக்மெண்டேஷன் ஃபால்ட். பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் நினைவகம் கேட்கும் வேலைகளில் மஸலின் அலோகேட்டர் மெதுவாக இருக்கும். ஜெமல்லாக் போன்ற ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது நாம் சுமக்க வேண்டிய இன்னொரு பொருள்.

பைதான்காரர்களுக்குத் தனியாக. பைதான் பேக்கேஜ் களஞ்சியமான பைபிஐயில் இருக்கும் வழக்கமான லினக்ஸ் வீல்கள் ஜிலிப்சிக்கானவை. மஸலுக்கான வீல் வடிவம் 2021இல்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்று நம்பை, பாண்டாஸ் போன்ற பெரியவை இரண்டையும் தருகின்றன. உங்கள் பட்டியலில் ஐந்தாவதாக இருக்கும் அதிகம் பேர் அறியாத நூலகம் தராது. அப்போது பிப் மூலத்திலிருந்து கம்பைல் செய்யத் தொடங்கும். அதற்கு ஜிசிசி வேண்டும், ஹெடர்கள் வேண்டும், ரஸ்ட்கூட வேண்டியிருக்கலாம். இரண்டு நிமிட பில்ட் இருபது நிமிடம் ஆகும். மல்டி ஸ்டேஜ் (ஒரு இமேஜில் கட்டி, கட்டியதை மட்டும் இன்னொன்றுக்கு நகலெடுப்பது) தெரியாதவர் அந்த ஜிசிசியையும் உள்ளேயே விட்டுவிட, ஆல்பைன் இமேஜ் ஸ்லிம்மைவிடப் பெரிதாகிவிடும். நிஜமாகவே இதைப் பார்த்திருக்கிறேன்.

நோட்.ஜேஎஸ்ஸுக்கு ஒரு வரி: மஸலுக்கான நோட்.ஜேஎஸ் பைனரிகளை அந்தத் திட்டமே "சோதனை நிலை" என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறது. ஜாவா பரவாயில்லை, ஜேடிகே 16 முதல் ஆல்பைன் முறைப்படி ஆதரிக்கப்படுகிறது.

அடுத்து, தமிழ் தரவு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். மஸலில் மொழிவாரி வரிசைப்படுத்தல் கிடையாது, யூனிகோடு எண்ணின்படியே அடுக்கும். யூனிகோடில் ன போய் ந பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, ற இருப்பது ர பக்கத்தில், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால். பள்ளியில் நாம் ஒப்பித்த ய, ர, ல, வ, ழ, ள, ற, ன அங்கே செல்லாது. ஆகவே உங்கள் பட்டியலில் மனோகரன், மயில்வாகனனுக்கு முன்னால் போய் நிற்பார். திரையில் இது அழகுப் பிரச்சினை. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் இது பெரிய பிரச்சினை. ஆல்பைன் இமேஜில் உருவாக்கிய தரவு அடைவை டெபியன் இமேஜில் மாட்டினால், இண்டெக்ஸ் ஒரு வரிசையில் அடுக்கியிருக்கும், தேடல் இன்னொரு வரிசையில் நடக்கும். இருக்கும் வரியை இல்லை என்று சொல்லும். ஒரே மதிப்பு இரண்டு முறை உள்ளே போகும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் எல்லா உரை இண்டெக்ஸையும் திரும்பக் கட்டுங்கள், அல்லது டம்ப் எடுத்துப் புதிதாக ஏற்றுங்கள். தமிழ் வரிசை வேண்டுமென்றால் லிப்சியை நம்பாமல் ஐசியு என்ற யூனிகோடு நூலகம் வழியாகப் போங்கள்.

இன்னும் இரண்டு சில்லறைத் தொல்லைகள். ஆல்பைன் களஞ்சியத்தில் ஒரு பேக்கேஜுக்குப் புதுத் திருத்தம் வந்தால் பழைய எண் போய்விடும். கர்லை இன்ன எண் என்று ஆணியடித்த டாக்கர்ஃபைல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை பில்ட் ஆக மறுக்கும். அப்புறம் நேரம்: டைம்ஸோன் தரவு பேஸில் இல்லை. "ஏசியா கொல்கத்தா" என்று சூழல் மாறியில் போட்டாலும் சத்தமில்லாமல் யுடிசி காட்டும். லாகில் எல்லாம் ஐந்தரை மணி நேரம் பின்னால்.

பிறகு யாருக்கு ஆல்பைன்? சிஐயில் ஒரு படிக்கு ஜேகியூவும் கர்லும் மட்டும் வேண்டும், என்ஜின்எக்ஸ் வைத்து நாலு எச்டிஎம்எல் பரிமாற வேண்டும், மஸலுக்கே கட்டிய ரஸ்ட் பைனரி, கோ மொழியில் எழுதிய சைட்கார் (சர்வீஸோடு ஒட்டி ஓடும் துணைக் கண்டெய்னர்), இவற்றுக்கெல்லாம் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளுங்கள். பைதானும் நோட்.ஜேஎஸ்ஸும் ஓடும் பெரிய சர்வீஸுக்கு நான் எடுப்பதில்லை.

## டிஸ்ட்ரோலெஸ்

கூகுள் திட்டம். டெபியன் பேக்கேஜ்களிலிருந்து ஓடத் தேவையானவற்றை மட்டும் எடுத்து வைத்தது. ஷெல் இல்லை, ஏபிடி இல்லை. ஜிலிப்சி இருப்பதால் மஸல் தலைவலி எதுவும் இல்லை. உள்ளே நுழைந்தவனுக்குக் கையில் எடுக்க ஆயுதம் இல்லை என்பது இதன் வாதம், அது நியாயமான வாதம்தான். ரூட் அல்லாத பயனரோடு வரும் டேக் (இமேஜ் பதிப்பின் பெயர்) தனியாகவே உண்டு. டெபியனின் பேக்கேஜ் விவரங்களையும் உள்ளே விட்டு வைத்திருப்பதால் ஸ்கேனரால் படிக்க முடியும்.

ஆயுதம் இல்லை என்பது நமக்கும் சேர்த்துத்தான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மடிவாளாவில் பஸ் ஏறி ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓசூர் தாண்டியதும் போன். பேமெண்ட் சர்வீஸ் நின்றுவிட்டது, புதுக் கோரிக்கை எதையும் எடுக்கவில்லை, ஆனால் சாகவும் இல்லை. மடியில் லேப்டாப், போனில் ஹாட்ஸ்பாட், கிருஷ்ணகிரி வரை வந்து வந்து போகும் சிக்னல். பாடுக்குள் (சர்வீஸின் கண்டெய்னர் ஓடும் கூட்டுக்குள்) நுழையப் பார்த்தால் "எஸ்எச் கிடைக்கவில்லை", அதாவது ஷெல் இல்லை, என்று பதில். இரண்டு வாரத்துக்கு முன் நானேதான் அதை டிஸ்ட்ரோலெஸ்ஸுக்கு மாற்றிக் கைதட்டு வாங்கியிருந்தேன்.

இதற்கு வழி இருக்கிறது. கண்டெய்னர்களை ஓட்டி மேய்க்கும் குபெர்னெட்டிஸின் 1.25 பதிப்பில், 2022இல், எஃபெமரல் கண்டெய்னர் நிலையான வசதியாகிவிட்டது. ஓடும் பாடுக்குப் பக்கத்தில் கருவிகள் நிறைந்த இன்னொரு கண்டெய்னரை ஒட்டி, அந்த ப்ராசஸையே பார்க்கலாம், சிக்னல் அனுப்பலாம். அன்று அதைத்தான் முயன்றேன். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வந்தது. எஃபெமரல் கண்டெய்னர் சேர்க்கும் உரிமை தனி உரிமை, எங்கள் ரோலில் யாரும் எழுதி வைக்கவில்லை. அனுமதி கொடுக்க வேண்டியவர் தூங்கிக்கொண்டிருந்தார். பாடைக் கொன்று மறுபடி எழுப்பினோம். சர்வீஸ் வந்துவிட்டது, காரணம் அதோடு செத்துப்போனது. அடுத்த வாரம் மறுபடி நின்றபோதுதான் பிடிபட்டது.

ஆகவே மாறுவதற்கு முன் கீழே உள்ளவற்றை ஒரு பகல் வேளையில் செய்து பார்த்துவிடுங்கள்.

- டீபக் கண்டெய்னரை ப்ரொடக்‌ஷனிலேயே ஒட்டிப் பாருங்கள், இரவில் கூப்பிடப்படும் ஆளின் கணக்கிலிருந்து. அட்மின் கணக்கில் வேலை செய்வது எதையும் நிரூபிக்காது.
- ஹெல்த் செக் ஷெல் வழியாகக் கர்லைக் கூப்பிடுகிறதா? எச்டிடிபி அல்லது ஜிஆர்பிசி ப்ரோபுக்கு மாற்றுங்கள்.
- பாட் நிற்குமுன் பத்து நொடி தூங்கட்டும் என்று "ஸ்லீப்" போட்டிருக்கிறீர்களா? ஸ்லீப் என்பதும் ஒரு பைனரிதான், அது உள்ளே இல்லை. ஹுக் தோற்கும், பாட் உடனே சாகும், ஒவ்வொரு டிப்ளாயிலும் கொஞ்சம் 502 பிழை வரும். குபெர்னெட்டிஸ் 1.30 முதல் பைனரி தேவைப்படாத ஸ்லீப் வசதி இயல்பாகவே திறந்திருக்கிறது.
- கோப்பை வெளியே எடுக்கும் காப்பிக் கட்டளை உள்ளே டார் இருந்தால்தான் வேலை செய்யும். ஹீப் டம்பை எங்கே எழுதுவது, எப்படி எடுப்பது என்று முன்பே யோசியுங்கள்.
- ஜாவா இமேஜில் இருப்பது நிரலை ஓட்டும் ஜேஆர்இ மட்டும். த்ரெட்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் ஜேஸ்டாக் இருக்காது.

பைதான் டிஸ்ட்ரோலெஸ் இமேஜில் இன்னொரு பொறி. பைதான் பதிப்பை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, டெபியன் எதை வைத்திருக்கிறதோ அதுதான். டெபியன் 12 என்றால் 3.11. பில்ட் கட்டத்தில் 3.12 வைத்து நூலகங்களைக் கட்டி இங்கே நகலெடுத்தால், சியில் எழுதிய மாட்யூல்கள் ஏறாது.

டீபக் டேக் ஒன்றும் உண்டு, உள்ளே பிஸிபாக்ஸ் ஷெல்லோடு. ஸ்டேஜிங்கில் வையுங்கள். ப்ரொடக்‌ஷனில் அதையே வைப்பதாக இருந்தால் ஸ்லிம்மே வைத்திருக்கலாமே.

கோ, ஜாவா சர்வீஸ்களுக்கு, மேலே சொன்ன ஒத்திகையை முடித்த டீமுக்கு, இதுதான் என் முதல் தேர்வு. பேருந்தில் பட்ட பாட்டுக்குப் பிறகும் அப்படித்தான் சொல்கிறேன்.

## ஸ்க்ராட்ச்

வெறும் காகிதம். முழுக்க ஸ்டாடிக்காகக் கட்டிய ஒரு பைனரி மட்டும் உள்ளே. கோ ஆட்கள் இதில் ஒரு பெருமை காண்பார்கள். சிகோவை (கோ நிரலில் சி நூலகத்தை இணைக்கும் வசதியை) அணைக்க மறந்தால் முதல் அடி அங்கேயே. அப்புறம் ஒவ்வொன்றாக வரும். வெளி ஏபிஐயைக் கூப்பிட்டால் "தெரியாத சான்றிதழ் அமைப்பு" என்று விழும். இந்திய நேரம் கேட்டால் "தெரியாத டைம்ஸோன் ஏசியா கொல்கத்தா" (கோ 1.15 முதல் நேரத் தரவைப் பைனரிக்குள்ளேயே பொதிந்துகொள்ளலாம்). பெரிய கோப்பு ஏற்றினால் டெம்ப் அடைவு இல்லை என்று விழும். பயனர் பெயர் பட்டியல் இல்லாததால் யூசரை எண்ணாகத்தான் கொடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நகலெடுத்து வைத்தால் கடைசியில் கிடைப்பது டிஸ்ட்ரோலெஸ் ஸ்டாடிக். அது ஏற்கெனவே 2 எம்பியில், சான்றிதழ், டைம்ஸோன், டெம்ப் எல்லாவற்றோடும் கிடைக்கிறது. அந்த 2 எம்பியை மிச்சம் பிடிக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

## உல்ஃபி வகையறா

செயின்கார்டு 2022இல் கொண்டுவந்த உல்ஃபி, ஜிலிப்சியையும் ஏபிகே வடிவத்தையும் சேர்த்துக் கட்டியது. திருத்தங்கள் வேகமாக வரும், ஸ்கேன் அறிக்கை பளிச்சென்று இருக்கும். இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் "லேட்டஸ்ட்" டேக். குறிப்பிட்ட பதிப்பிலேயே நிற்க வேண்டும் என்றால் காசு. பணம் கட்டும் கம்பெனிக்கு நல்ல தேர்வு. இலவசத்தை நம்பி நாற்பது சர்வீஸையும் நகர்த்துமுன், 2025இல் பிட்நாமி தன் இலவச இமேஜ்களை லெகசி களஞ்சியத்துக்குத் தள்ளியபோது எத்தனை ஹெல்ம் சார்ட்கள் (குபெர்னெட்டிஸில் நிறுவும் பொட்டலங்கள்) அல்லாடின என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

## பூஜ்ஜியம் என்ற எண்

செக்யூரிட்டி டீமுக்குப் பிடித்த எண் இது. ஸ்கேனர் செய்வது, பேக்கேஜ் பட்டியலைப் படித்து ஓட்டைப் பட்டியலோடு ஒப்பிடுவது. பட்டியலே இல்லாத இடத்தில் அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. மூலத்திலிருந்து கம்பைல் செய்து நகலெடுத்த ஓபன்எஸ்எஸ்எல், சி பைனரிக்குள் ஸ்டாடிக்காக ஒட்டிய ஸீலிப், இவை அதன் கண்ணுக்குத் தெரியாது. கோ பைனரிகள் மாட்யூல் விவரத்தைத் தன்னோடு வைத்திருப்பதால் கொஞ்சம் தப்பிக்கும். மென்பொருள் உட்பொருள் பட்டியல் பற்றி இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024இல் வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் வங்கியாக இருந்தால் இந்தப் பட்டியலை எப்படியும் கேட்பார்கள். பேக்கேஜ் விவரம் அழிக்கப்பட்ட இமேஜிலிருந்து அதைத் தயாரிப்பது தனி நரகம்.

2021 டிசம்பரில் ஜாவா லாக் நூலகமான லாக்4ஜேயின் ஓட்டை வந்தபோது அது இருந்தது ஜார் கோப்புக்குள். பேஸ் 2 எம்பியா 200 எம்பியா என்று அது பார்க்கவில்லை. ஷெல் இல்லாதது உள்ளே வந்தவனின் அடுத்த அடியைக் கொஞ்சம் தாமதமாக்கும், கதவை மூடாது.

## திருச்சிக்காரர் என்ன செய்தார்

பைதான் சர்வீஸ், பாண்டாஸ் உண்டு, ஒரு பழைய வங்கி எஸ்டிகே (வங்கியோடு இணைக்கும் நூலகம்) உண்டு. எஸ்டிகே வருவது ஜிலிப்சிக்குக் கட்டிய பைனரியாக மட்டும். அந்த ஒரு வரியிலேயே ஆல்பைன் போய்விட்டது. அவர்கள் ஓட்டுவது பைதான் 3.12 என்பதால் டிஸ்ட்ரோலெஸ்ஸும் போனது. மல்டி ஸ்டேஜில் முதல் கட்டம் முழு பைதான், இரண்டாவது கட்டம் ஸ்லிம், கட்டிய விர்ச்சுவல் என்வை (பைதான் நூலகங்கள் இருக்கும் அடைவை) மட்டும் நகல். டாக்கர்இக்னோரில் (இமேஜுக்குள் போகக் கூடாதவற்றின் பட்டியலில்) கிட் அடைவும் சோதனைத் தரவும். யூசர் எண்ணாக. வாராவாரம் திங்கள் காலை கேஷ் இல்லாத பில்ட்.

ஒண்ணேகால் ஜிபி, 400 எம்பிக்குக் கீழே வந்தது. அதில் பாதிக்கு மேல் பாண்டாஸும் அதன் சொந்தக்காரர்களும், அதை எந்த பேஸும் குறைக்காது. ஸ்கேன் பட்டியலில் மிச்சம் இருப்பவை டெபியன் சின்னதென்று ஒதுக்கியவை. அதற்கு ஒரு விலக்குக் கோப்பு எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணமும் மறுபார்வைத் தேதியும் போட்டு அனுப்பினார்.

எஃபெமரல் கண்டெய்னர் அனுமதிக்கும் அப்போதே ஒரு டிக்கெட் போட்டு வைக்கச் சொன்னேன், எப்போதாவது கோ சர்வீஸ் எழுதினால் டிஸ்ட்ரோலெஸ்ஸுக்குத் தேவைப்படும் என்று. போன வாரம் கேட்டேன். "இன்னும் ஓப்பன்லதான் இருக்கு அண்ணா, மூணு தடவை ஆள் மாறிடுச்சு" என்றார்.